முன் டிஸ்க் தங்கம், பின் டிரம் தலைவலி: மலைநாட்டில் ஒரு பழைய செடான்

போன கிழமை காரின் பின் சக்கரங்களில் உள்ள பிரேக் டிரம் இரண்டையும் மறுபடியும் கழற்றினோம். உரசிப் பிடிக்கும் லைனர் இன்னும் தடிப்பாகவே இருக்கிறது. ஒயில் அழுத்தத்தில் லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டரில் ஒழுக்கு இல்லை. கேபிள் புதிது. அப்படியிருந்தும் எங்கள் வீட்டு வாசல் ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் காரைப் பிடித்து வைக்கவில்லை. பெற்றோல் எவ்வளவு குடிக்கிறது, ஏசி எப்படி, பின் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாமா என்பதையெல்லாம் இந்த மாதிரிக் கார்களைப் பற்றி எழுதியவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். நான் பிரேக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதிலும் பாதி கோபத்தில் எழுதுகிறேன், அதைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

கம்பனிப் பெயர் வேண்டாம். இருபது வயது தாண்டிய ஜப்பான் செடான். 1500 சிசி, ஓட்டோ கியர், முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டை இரு பக்கமும் பேட் நெருக்கிப் பிடிக்கும்), பின்னால் டிரம் (சுழலும் சட்டிக்குள்ளிருந்து லைனர் ஒட்டிய ஷூ வெளிப்பக்கம் தள்ளிப் பிடிக்கும்). ஹட்டன் டவுனில் கொஞ்ச நேரம் நின்றால் இதே வயதில், இதே அமைப்பில் நாலைந்து கார் கடந்து போகும். ஆகவே நான் சொல்வதில் பெரும்பகுதி உங்கள் காருக்கும் பொருந்தலாம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். முன் பிரேக்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. லபுக்கலை, ரம்பொடை, புஸ்ஸல்லாவை என்று கம்பளைக்கு இறங்கும்போது 1,300 மீற்றருக்கு மேல் கீழே வருகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காரை முப்பது தடவைக்கு மேல் முழுதாக நிறுத்த எவ்வளவு சக்தியைக் கரைக்க வேண்டுமோ, அவ்வளவையும் இந்த ஒரே இறக்கத்தில் கரைக்க வேண்டும். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் எல்லாம் பிரேக்கில் சூடாக மாறுகிறது, அதிலும் பெரும்பங்கு முன் டிஸ்க்கில். அம்மா, பிள்ளைகள், டிக்கி நிறைய லீக்ஸும் கரட்டும் என்று ஏற்றிக்கொண்டு இந்தக் கிழட்டுக் கார் அதைச் சத்தமில்லாமல் செய்கிறது. கம்பளைப் பாலத்துக்கு வரும்போதும் பெடல் காலையில் இருந்த உயரத்திலேயே இருக்கும். இதைவிட விலை கூடிய, வயது குறைந்த கார்களில் இறங்கும்போது எனக்கு இந்த நம்பிக்கை வந்ததில்லை.

ஆனால் அந்த நம்பிக்கைக்குக் கார் மட்டும் போதாது. கியரை "டி"யில் போட்டுவிட்டு முழு இறக்கத்தையும் காலாலேயே சமாளிக்கிறவர்களை ரம்பொடைப் பக்கம் மூக்காலேயே கண்டுபிடிக்கலாம். பேட் கருகும் வாசம் தேயிலை வாசத்தை மீறி வரும். ஓவர்டிரைவை, அதாவது மேல் கியரை, ஓஃப் பண்ணி, செங்குத்தான இடங்களில் "2"க்குக் கொண்டுவந்தால் எஞ்சின் தானாக இழுத்துப் பிடிக்கும். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் காலத்து இன்ஜெக்ஷன் எஞ்சினில், கியரில் இருந்தபடி அக்சிலரேட்டரை விட்டால் எஞ்சின் பெற்றோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும். எஞ்சினை ஓஃப் பண்ணி உருட்டுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? இரண்டு மூன்று தடவை மிதித்ததும் மிதிக்கும் காலுக்குப் பலம் கூட்டும் பூஸ்டரில் உள்ள வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வானும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் இறந்த பிறகும் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூஸ்டர் என்றதும் ஒரு விஷயம். கொழும்பிலிருந்து வருகிற கூட்டாளிகள் நுவரெலியாவில் என் காரை ஓட்டிவிட்டு "பெடல் கொஞ்சம் கட்டியா இருக்கே" என்பார்கள். பூஸ்டர் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான். நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் உதவியும் குறைவு. அதற்காகப் பூஸ்டரை மாற்றச் சொல்கிற கராஜ் இருந்தால் அங்கிருந்து வந்துவிடுங்கள். பெடலை மிதிக்கும்போது ஸ்ஸ் என்று காற்றுச் சத்தம் விடாமல் கேட்டால், ஐட்லிங்கும் ஆட்டம் கண்டால், அப்போதுதான் பூஸ்டரையும் அதன் ஹோஸையும் சந்தேகப்பட வேண்டும்.

பிரேக் ஒயிலை நம் ஊரில் யாரும் மாற்றுவதில்லை, குறைந்தால் ஊற்றுகிறார்கள். அது ஈரத்தைக் குடிக்கும் திரவம். டொட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்குகிறது. டொட் 4க்கு அது 230ம் 155ம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. வருஷத்தில் பாதி நாள் மூடுபனியும் மழையுமாக இருக்கிற ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றி, காற்றை எடுத்துவிடுவதுதான் நான் கண்ட மலிவான பிரேக் வைத்தியம். டொட் 3 ஊற்றும் காருக்கு டொட் 4 தாராளமாக ஊற்றலாம். டொட் 5 மட்டும் வேறு இனம், சிலிக்கோன். அதைக் கலக்கக் கூடாது.

முன்பக்கத்தில் வந்த சில்லறைப் பிரச்சினைகளை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் டிஸ்க்கின் தடிப்பு சமமில்லாமல் போனதுதான் காரணம். இறக்கம் இறங்கிய சூட்டோடு சேர்விஸ் ஸ்டேஷனில் தண்ணீர் அடிப்பதும், வீல் நட்டை மெஷினால் கண்டபடி இறுக்குவதும் அதற்கு உதவி செய்கின்றன. லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம், ஆனால் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போனால் தூக்கி எறிய வேண்டியதுதான். உள்பக்க பேட் மட்டும் தேய்ந்து வெளிப்பக்க பேட் புதிதாக இருந்தால் பேட்டை நெருக்கும் கலிப்பர் நகர்ந்து ஓடும் கம்பி இறுகியிருக்கிறது என்று அர்த்தம்; கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் சிலிக்கோன் கிரீஸ் பூசினால் முடிந்தது. காலையில் முதல் இரண்டு பிரேக்கில் கரகர என்று கேட்பது இரவு ஈரத்தில் பிடித்த துரு. அதற்குப் பயப்பட வேண்டாம்.

சரி, பின்பக்கத்துக்கு வருவோம்.

டிரமுக்குள் இரண்டு ஷூ. அவற்றுக்கு நடுவில் பல்சக்கரம் வைத்த ஒரு சின்ன ஸ்குரூ, அதுதான் அட்ஜஸ்டர். லைனர் தேயத் தேய அது ஒவ்வொரு பல்லாக நகர்ந்து ஷூவை டிரமுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் ரோட்டில் அதற்குள் ஈரம் போகிறது, சேறு போகிறது. 2025 நவம்பர் கடைசியில் புயல் வந்து மண் சரிந்த பிறகு தோட்ட ரோடுகளில் ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும், டிரமைத் திறந்தால் உள்ளே செம்மண்தான். அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுவிடும். ஷூ தூரத்திலேயே இருக்கும். ஹேண்ட் பிரேக் லீவர் ஏழெட்டு கிளிக்கில் பிடிக்க வேண்டியது, வானத்தைப் பார்க்கும் வரை வரும்.

அப்போது கராஜுக்குப் போகிறோம். எந்தக் கராஜ் என்று சொல்லப் போவதில்லை; ஹட்டனிலிருந்து கண்டி வரை நான் பார்த்த அத்தனை இடத்திலும் முதல் வைத்தியம் ஒன்றேதான். "கேபிளை இறுக்கிட்டா சரி சேர்." லீவருக்குப் பக்கத்தில் மூடியைக் கழற்றி நட்டை நாலு சுற்றுச் சுற்றுவார்கள். இரண்டு நிமிஷ வேலை. லீவர் அழகாகப் பிடிக்கும். நாமும் சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வருவோம்.

உள்ளே நடப்பது வேறு. கேபிள் எப்போதும் இழுத்த நிலையில் இருந்தால் டிரமுக்குள் உள்ள லீவர் பழைய இடத்துக்குத் திரும்பாது. அது முழுதாகத் திரும்பினால்தான் அட்ஜஸ்டர் அடுத்த பல்லைப் பிடிக்க முடியும். அதாவது, அட்ஜஸ்டர் வேலை செய்யாததற்காகக் கேபிளை இறுக்கி, அட்ஜஸ்டர் இனி எப்போதும் வேலை செய்ய முடியாதபடி பண்ணிவிடுகிறார்கள். சில வாரத்தில் லீவர் மறுபடி மேலே வரும், மறுபடி இறுக்குவார்கள். அப்புறம் ஷூ உரசி டிரம் சூடேறும். கடைசியில் கேபிளே அறுந்து போகும், "பழைய கார்தானே சேர்" என்பார்கள்.

சரியான வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் கேபிளை முழுதாகத் தளர்த்த வேண்டும். டிரமைக் கழற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து அல்ல: இப்படிப்பட்ட பல ஜப்பான் கார்களின் டிரமிலேயே மரை போட்ட இரண்டு துளை இருக்கும், 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டை அதில் மாறி மாறி இறுக்கினால் தானாகத் தள்ளிக்கொண்டு வரும். அட்ஜஸ்டரைக் கழற்றி மரையைத் துடைத்து லேசாகக் கிரீஸ் போட்டு, டிரமை மாட்டிச் சுற்றும்போது மெல்ல உரசும் அளவுக்கு ஷூவை நகர்த்த வேண்டும். பெடலைச் சில தடவை மிதித்து ஷூவை நடுவில் உட்கார வைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் கேபிள்.

இன்னும் இரண்டு கோபம் பாக்கி இருக்கிறது. ஒன்று, உள்ளே உள்ளதையெல்லாம் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது. வீல் சிலிண்டரின் ரப்பர் கப்புக்கு அது விஷம். ஊதிப்போய், கொஞ்ச நாளில் ஒழுகும். ஒழுகிய ஒயில் லைனரில் பட்டால் லைனரும் போச்சு. இரண்டாவது, தூசியைக் கொம்ப்ரஸரால் ஊதுவது. பழைய லைனர்களில் கல்நார் இருக்கலாம். ஊதுகிற பையனுக்கு முகத்தில் ஒரு துணிகூட இருக்காது. ஈரத் துணியால் துடைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஹேண்ட் பிரேக்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்கள் கேட்கலாம். அங்கே அது ஒரு அலங்காரம். இங்கே சமதரையில் கார் நிறுத்த வேண்டுமென்றால் விளையாட்டு மைதானத்துக்குத்தான் போக வேண்டும். என் வீட்டில் கார் நின்றதும் முதலில் இறங்குவது மகன். கையில் கல் இருக்கும். பின் டயருக்கு அடியில் அதை வைத்துவிட்டு "சரிப்பா" என்பான், அதற்குப் பிறகுதான் அம்மா கதவைத் திறப்பார். ஓட்டோ கியர்தானே, "பி"யில் போட்டால் போதும் என்பார்கள். "பி"யில் காரைத் தாங்குவது கியர்பெட்டிக்குள் உள்ள ஒரு சின்னக் கொக்கி. முழுப் பாரத்தையும் அதில் சாய்த்துவிட்டு, காலையில் டக் என்ற சத்தத்தோடு எடுப்பதைக் கேட்க எனக்குப் பல் கூசும். பெடலை மிதித்தபடி நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, காலை மெல்ல எடுத்துக் கார் அதன்மேல் உட்கார்ந்த பிறகு "பி"க்குப் போனால் கொக்கிக்குப் பாரம் வராது. அதற்கு ஹேண்ட் பிரேக் பிடிக்க வேண்டும் அல்லவா.

எல்லாம் சரியாகச் செய்தும் ஏன் பிடிக்கவில்லை என்பதைப் போன கிழமை கண்டுபிடித்தவர் டிக்கோயாப் பக்கம் வீட்டோடு கராஜ் வைத்திருக்கும் ஒரு வயதானவர். அவர் லைனரையே பார்க்கவில்லை. டிரமைக் கவிழ்த்து வைத்து, உள்விட்டத்தை அளந்தார். "இத எத்தன தடவ கடைஞ்சிருக்காங்க தம்பி?" என்றார். டிரமின் மேல் பொறித்திருந்த உச்ச அளவு 201 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் அதைத் தாண்டிவிட்டன. எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் சத்தம் வரும்போதெல்லாம் லேத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். டிரம் அகலமாகிவிட்டது, புது லைனரின் வளைவு பழைய அளவுக்கு. பெரிய சட்டிக்குச் சின்ன மூடி போட்ட மாதிரி நடுவில் மட்டும் தொடுகிறது. பெடலை மிதிக்கும்போது ஒயில் அழுத்தம் இதை மூடி மறைத்துவிடும். கையால் இழுக்கும் கேபிளுக்கு அந்தப் பலம் இல்லை. லைனரை எடுத்துப் பார்த்தேன், நடுவில் ஒரு விரல் அகலம் மட்டும் பளபளப்பு, மற்றதெல்லாம் கடையில் வாங்கியபோது இருந்தபடி. இத்தனை கராஜில் ஒருவரும் ஓர் அளவுகோலை எடுக்கவில்லை.

புது டிரமுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன். பாவித்ததும் கிடைக்கிறது, ஆனால் அதையும் யாரோ கடைந்திருப்பார்கள், அளக்காமல் வாங்க மாட்டேன்.

பதுளையில் இருக்கும் கூட்டாளி இதே காரில் ஒன்றைப் பார்த்துவிட்டு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். விற்கிறவர்கள் இன்னும் இடையில் இருந்த ஐந்து வருஷத்து விலையைத்தான் சொல்கிறார்கள். மச்சான், எடுக்காதே. நான் மேலே புகழ்ந்ததெல்லாம் உண்மைதான், இருந்தாலும் எடுக்காதே. இல்லை எடுத்தே தீருவேன் என்றால், பண்டாரவளை ரோட்டில் ஓர் ஏற்றத்தில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுப் பார். கிளிக்கை எண்ணு. பின் டிரமைக் கழற்றி அளக்க விடாதவனோடு விலை பேசாதே.

என்னுடையதைத் தருவாயா என்றும் கேட்டிருந்தாய். புது டிரம் வந்து மாட்டிய பிறகு கேள். அப்போதும் இல்லை என்றுதான் சொல்வேன்.