ஆஷ்வில் போகத் திட்டமா? வீட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

1,840 டாலர். வட கரோலைனாவில் இருக்கும் ஆஷ்வில் நகரத்தில் ஒரு நீண்ட வார இறுதிக்கு வீடு எடுக்க நான் கட்டிய பணம் அது. மொத்தமும் போய்விட்டது. வாங்கியவன் ஃபோனை அணைத்துவிட்டான். அவனை எனக்குக் காட்டிய இணையதளம் "எங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை" என்கிறது. இலையுதிர் காலம் முடிய இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. சார்லட், ராலே, அட்லாண்டா பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பலர், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் கிளம்புவார்கள். அதனால்தான் ஆத்திரம் அடங்கும் முன்பே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. அம்மாவுக்கு வெளிச் சாப்பாடு ஒரு வேளைக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. ஓட்டல் அறை சரிப்படாது என்று கீழ்த்தளத்தில் படுக்கையறையும், ரசம் வைக்க அடுப்பும் உள்ள வீடாகத் தேடினேன். அக்டோபரில் அப்படி ஒரு வீடு அங்கே கிடைப்பது குதிரைக்கொம்பு. ஊர் இருப்பது சுமார் 2,100 அடி உயரத்தில். சுற்றியுள்ள மலைகள் 5,000, 6,000 அடியைத் தாண்டுகின்றன. மாத ஆரம்பத்தில் உச்சியில் இலைகள் நிறம் மாறத் தொடங்கி, மாதக் கடைசியில்தான் அந்த நிறம் ஊருக்குள் இறங்கும். இடையில் வரும் வார இறுதி எல்லாமே கூட்டம்தான். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே மிக உயரமான சிகரம் அங்கே இருக்கும் மவுன்ட் மிட்செல், 6,684 அடி. உச்சிக்குக் கிட்டத்தில் வரை கார் போகும். அப்பாவை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதற்காகவே போட்ட பயணம் இது.

வீடு கிடைத்தது விடுமுறை வீடுகளை வாடகைக்குக் காட்டும் பெரிய தளம் ஒன்றில். பெயர் சொல்லப்போவதில்லை, உங்களில் பாதிப் பேர் ஃபோனில் வைத்திருக்கும் வகைதான். வீட்டுக்காரர் பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டவர்" என்று தளமே கொடுத்த முத்திரை. கீழே வரிசையாகப் பாராட்டுகள். முதலில் அந்தத் தளத்தின் உள்பெட்டியில்தான் பேசினோம். வீட்டுப் படம் ஒன்றின் மூலையில் அவன் எண் இருந்தது. படிகள் பற்றிக் கேட்க வேண்டியிருந்ததால் கூப்பிட்டேன்.

அவ்வளவு பொறுமையாகப் பேசினான். அப்பாவின் முழங்காலைப் பற்றி அவனே விசாரித்தான். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது என்று வீடியோ அனுப்பினான். அப்புறம் புயல் கதைக்கு வந்தான். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் அந்த மலைப்பகுதியைப் புரட்டிப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஃபிரெஞ்ச் பிராட் ஆறு 1916 வெள்ளத்தின் உயரத்தையும் தாண்டி வந்தது. ஓவியர்களும் குயவர்களும் கூடம் வைத்திருந்த ஆற்றோரப் பகுதியும், பில்ட்மோர் வில்லேஜும் மூழ்கின. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று நகராட்சி சொன்னதே நவம்பர் 18-ஆம் தேதிதான். இதையெல்லாம் அவன் தன் வீட்டில் நடந்ததாகவே சொன்னான். வீடு மேட்டில் இருப்பதால் வெள்ளம் வரவில்லையாம். ஆனால் ஓடையிலிருந்து வாளி வாளியாகத் தூக்கிவந்துதான் கழிப்பறைக்கு ஊற்றினார்களாம். சொன்ன தேதி, இடம், தண்ணீர் கஷ்டம் எல்லாமே உண்மை. அவன் அங்கே இருந்தான் என்பது மட்டும் பொய்.

ஊரில் எங்கள் வீடு சென்னைப் பக்கம் முடிச்சூரில். 2015 டிசம்பரில் கீழ்த்தளம் முழுகி, மொட்டைமாடியில் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்த குடும்பம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்ப்பா, நாம பட்ட மாதிரியே பட்டிருக்கார்" என்றார். அந்த நேரம் பார்த்துத்தான் அவன் ஆரம்பித்தான்: தளம் பெரிய கமிஷன் பிடித்துக்கொள்கிறது, புயலுக்குப் பிறகு வருமானமே இல்லை, நேரடியாகக் கொடுத்தால் உங்களுக்கும் பத்து சதவீதம் குறையும், எங்கள் குடும்பத்துக்கும் உதவியாக இருக்கும். முகவரி, கையெழுத்தோடு ஒப்பந்தம் அனுப்பினான். "கொடுத்துடு, நேரா அவங்க கைக்கே போகட்டும்" என்றார் அப்பா. வங்கியிலிருந்து வங்கிக்கு ஃபோனிலேயே பணம் அனுப்பும் வசதியில் 1,840 டாலர் போட்டேன். அடுத்த சில நிமிடங்களில் நன்றி சொல்லிவிட்டு, "அம்மாவுக்குச் சோறு வடிக்கப் பெரிய பாத்திரம் ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டான். பணம் கைக்கு வந்த பிறகு கேட்டான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு ஊரே பட்ட துயரத்தைத் தூண்டிலில் மாட்டி, ஒரு வயசானவரின் இரக்கத்தைப் பிடித்திருக்கிறான்.

கதவைத் திறக்கும் ரகசிய எண் காலையில் வரும் என்றான். வரவில்லை. வழியில் வந்துவிடும் என்று சார்லட்டிலிருந்து கிளம்பிவிட்டோம். மலை ஏறும்போது அவன் எண் அணைந்திருந்தது. முகவரி உண்மையானது. படத்தில் பார்த்த அதே வீடு, அதே நீலக் கதவு. திறந்தது ஒரு வயதான அம்மா. பல வருடமாக அங்கேயே குடியிருக்கிறார். வீட்டை யாருக்கும் வாடகைக்கு விட்டதே இல்லை. இப்படி வந்து நிற்பதும் நாங்கள் முதல் குடும்பம் இல்லையாம். குக்கர் பையைக் கையில் பிடித்தபடி நின்ற என் அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஆஷ்வில் நகர எல்லைக்குள் பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளில் முழு வீட்டை 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடவே கூடாது என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு, அனுமதி வாங்கி, அறையை மட்டும் விடலாம். அவருடைய தெருவும் அந்த விதிக்குள்தான் வருகிறது. விதிப்படி இருக்கவே முடியாத ஒரு வாடகை வீட்டுக்குத்தான் அந்தத் தளம் முத்திரை குத்தி வைத்திருந்தது.

நெடுஞ்சாலை ஓரமாக ஒரு ஓட்டலில் கொள்ளை விலைக்கு ஒரே அறை கிடைத்தது. அப்பா இரவு முழுக்கப் பேசவில்லை. "நான்தானேப்பா கொடுக்கச் சொன்னேன்" என்று காலையில் சொன்னார். மிட்செல் போகவேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றார். திரும்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு நடந்தது வேறு வகைக் கொடுமை. தளத்தில் முதலில் பதில் சொன்னது இயந்திரம். பிறகு ஆட்கள். ஆள் மாறினாலும் வாக்கியம் மாறவில்லை: "பணப் பரிமாற்றம் எங்கள் தளத்துக்கு வெளியே நடந்ததால் உதவ இயலாது." சரி, அந்த முத்திரையைக் கொடுத்தது யார், ஃபோன் எண் தெரியும் படத்தை அனுமதித்தது யார் என்று கேட்டேன். "உங்கள் கருத்தை உரிய குழுவுக்கு அனுப்பியுள்ளோம்" என்று புகாரை மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். நான் புகார் கொடுத்த பிறகும் அந்த விளம்பரம் அப்படியே இருந்தது. பிறகு ஒருநாள் காணாமல் போனது, கூடவே உள்பெட்டியில் இருந்த எங்கள் உரையாடலும்.

வங்கியில் "நீங்களே அனுப்பிய பணம்" என்றார்கள். பெற்றவர் கணக்கின் பெயர் ஒப்பந்தத்தில் இருந்த பெயரே இல்லை என்று காட்டினேன். "நீங்களே அனுப்பியது" என்றார்கள் மறுபடியும். காவல்துறை, மத்திய வர்த்தக ஆணையம், மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு, எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையம் என எல்லா இடத்திலும் பதிவு செய்திருக்கிறேன். புகார் எண்கள் கைவசம் இருக்கின்றன, 1,840 டாலர் இல்லை. வெளியே ஏன் கட்டினாய் என்று கேட்பவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: அவனை என் முன்னால் கொண்டுவந்து, நம்பலாம் என்று சான்று கொடுத்து நிறுத்தியதே அந்தத் தளம்தான்.

போய்வந்ததும் பில்ட்மோர் மாளிகை, ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலை, சிம்னி ராக் எல்லாம் சேர்த்து முழுப் பயணத் திட்டம் எழுதித் தருகிறேன் என்று சிலருக்குச் சொல்லியிருந்தேன். இப்போது மனமில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

பணத்தைத் தளத்துக்குள்ளேயே, கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். கார்டு என்றால் பில் வந்த 60 நாளுக்குள் ஆட்சேபிக்கச் சட்டப்படி உரிமை உண்டு. ஃபோன் வழி அனுப்புவது ரொக்கத்தைத் தூக்கிக் கொடுப்பதுதான்.

ஆஷ்வில் இருக்கும் பங்கம் (Buncombe) கவுண்டியின் சொத்துப் பதிவுகள் இணையத்தில் இலவசம். முகவரியைப் போட்டால் வீட்டுச் சொந்தக்காரர் பெயர் வரும். வீட்டுப் படங்களையும் இணையத்தில் போட்டு, வேறெங்காவது வந்திருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். எனக்குக் காட்டியவை பழைய வீட்டு விற்பனை விளம்பரத்திலிருந்து எடுத்தவை. நகருக்குள் முழு வீடு என்றால் அனுமதியைக் கேளுங்கள். உரையாடலை உடனுக்குடன் படம் பிடித்து வையுங்கள்.

பார்க்வேயில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று தேசியப் பூங்காத் துறையின் பக்கத்தில் கிளம்பும் அன்று காலை பாருங்கள். டென்னசி பக்கமிருந்து வருபவர்களுக்கு: ஐ-40 நெடுஞ்சாலை ஹெலீன் புயலில் இடிந்து, 2025 மார்ச்சில் திறந்தபோது பக்கத்துக்கு ஒரே தடம்தான் விட்டார்கள். நேரம் கூட்டி வையுங்கள்.

ஏற்கெனவே யாருக்காவது இப்படிப் பணம் அனுப்பியிருந்தால் இதைப் படித்து முடித்த கையோடு வங்கியைக் கூப்பிடுங்கள். அந்தப் பக்கம் எடுப்பதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு.