கேம்பர்வேனில் கரண்ட் போனால் கைகொடுக்குமா? விக்ட்ரான் ஸ்மார்ட்ஷண்ட் ஒரு மதிப்பீடு

விக்ட்ரான் ஸ்மார்ட்ஷண்ட் 500 ஆம்பியர் நல்ல கருவி, சந்தேகமில்லை. ஆனால் வேனில் அடிக்கடி கரண்ட் போகிறது என்ற காரணத்துக்காக முதலில் வாங்க வேண்டியது அது அல்ல, ஒரு கிளாம்ப் மீட்டர். பேட்டரியிலிருந்து எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று இது துல்லியமாகச் சொல்லும். வழியில் எந்த இடத்தில் தடைபட்டது என்பதை ஒருநாளும் சொல்லாது. சிங்கப்பூரிலிருந்து உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் வழியாக மெர்சிங், கேமரன் மலை என்று வேனில் போய்த் தங்குகிறவர்களுக்கு நேரும் தொல்லையில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகைதான்: லூசான முனை, பச்சை பூத்த எர்த் இணைப்பு, சூடேறிப்போன ஃபியூஸ் ஹோல்டர். கடற்காற்றும் ஈரப்பதமும் செம்பைச் சும்மா விடுவதில்லை.

முதலில் கருவியைப் பார்ப்போம். இது பேட்டரியின் நெகட்டிவ் கம்பியில் குறுக்கே உட்காரும் ஒரு பித்தளைத் துண்டும் அதன்மேல் ஒரு சிறு பெட்டியும். 500 ஆம்பியர் ஓடினால் 50 மில்லிவோல்ட் காட்டும்படி செய்தது. அதாவது 0.1 மில்லி ஓம் தடை. 1000 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் இழுக்கும் 93 ஆம்பியருக்குக்கூட இதில் 10 மில்லிவோல்ட்தான் இழப்பு. இதனால் வோல்டேஜ் குறையுமோ என்ற பயம் வேண்டாம். திரை கிடையாது, எல்லாம் ப்ளூடூத் வழியாக விக்ட்ரான் கனெக்ட் செயலியில்தான். சுவரில் பதிக்கும் வட்டத் திரையும், எச்சரிக்கைக்கு ஒரு ரிலேயும் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் பிஎம்வி 712 இருக்கிறது, விலை கூடுதல். நடுராத்திரி ஃபோனிலும் சார்ஜ் இல்லாமல் தவிப்பவர்கள் அந்தத் திரைக்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம்.

பொருத்தும்போது நடக்கும் ஒரே பெரிய தவறு இதுதான். ஷண்டின் ஒரு பக்கம் 'பேட்டரி மைனஸ்', மறுபக்கம் 'சிஸ்டம் மைனஸ்'. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரே ஒரு கம்பி மட்டும் பேட்டரி மைனஸுக்கு வர வேண்டும். வண்டி சட்டத்துக்குப் போகும் எர்த், சோலார் கன்ட்ரோலரின் நெகட்டிவ், இன்வெர்ட்டரின் நெகட்டிவ் எல்லாமே சிஸ்டம் மைனஸ் பக்கம்தான். எதையாவது பழக்கதோஷத்தில் நேராகப் பேட்டரி முனையிலேயே மாட்டிவிட்டால் அந்தக் கணக்கு ஷண்டுக்குத் தெரியாது. சோலார் அப்படி மாட்டியிருந்தால், பேட்டரி நிறைந்திருக்கும்போதே 40 சதவீதம் என்று பயமுறுத்தும். இன்வெர்ட்டர் அப்படி மாட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: 90 சதவீதம் என்று காட்டிக்கொண்டே வண்டி இருண்டுபோகும். 'கருவி பொய் சொல்கிறது' என்ற புகார்களில் பெரும்பாலானவை இதில் அடங்கிவிடும்.

அடுத்தது அமைப்புகள். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் இருக்கும் மதிப்புகள் 12 வோல்ட் ஈய அமில பேட்டரிக்கு: சார்ஜ்டு வோல்டேஜ் (நிறைந்தது என்று கருதும் வோல்டேஜ்) 13.2, டெயில் கரண்ட் (நிறையும் கட்டத்தில் குறைந்துபோன சார்ஜ் கரண்ட்) கொள்ளளவில் 4 சதவீதம், நேரம் 3 நிமிடம், பியூக்கர்ட் (வேகமாக இழுத்தால் கொள்ளளவு குறைவதைக் கணக்கிடும் எண்) 1.25, சார்ஜ் திறன் 95 சதவீதம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இதை அப்படியே விட்டால் சிரிப்பாகிவிடும். பேட்டரி 100 ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் மேகம் மூடுகிறது, சோலார் 4 ஆம்பியருக்குக் கீழே இறங்குகிறது, வோல்டேஜோ 13.3 இல் நிற்கிறது. மூன்று நிமிடம் இப்படியே இருந்தால் கருவி 'நிறைந்துவிட்டது' என்று 100 சதவீதத்துக்குத் தாவிவிடும். உண்மையில் 60 கூட இருக்காது. நம் ஊர் மதிய மழை மேகத்துக்கு இது தினமும் நடக்கக்கூடிய கூத்து. சார்ஜர் 14.2 வோல்ட் வரை ஏற்றுகிறது என்றால் சார்ஜ்டு வோல்டேஜை 14.0 அளவில் வையுங்கள், பியூக்கர்ட் 1.05, சார்ஜ் திறன் 99. பேட்டரிக் கொள்ளளவை உங்கள் பேட்டரியில் அச்சிட்டபடி மாற்ற மறந்துவிடாதீர்கள்.

இந்த லித்தியத்துக்குத்தான் ஸ்மார்ட்ஷண்ட் உண்மையில் காசுக்கு ஈடாகிறது. ஈய அமில பேட்டரியில் ஓய்வு வோல்டேஜ் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம்: 12.7 நிறைவு, 12.2 ஏறக்குறைய பாதி. லித்தியத்தில் பெரும்பகுதி நேரமும் 13 வோல்ட்டைச் சுற்றியே நிற்கும். போனது வந்தது எண்ணினால் ஒழிய இருப்பு தெரியாது.

இனி விஷயத்துக்கு வருவோம். விளக்கும் பம்ப்பும் நின்றவுடன் செயலியைத் திறந்தால் நான்கு நிலைமைகளில் ஒன்று தெரியும்.

வோல்டேஜ் 12.6க்கு மேல், ஆம்பியர் பூஜ்யத்தை ஒட்டி. பேட்டரி நலம். அதைத் தாண்டியதும் பாதை அறுந்திருக்கிறது: பிரதான ஃபியூஸ், ஐசொலேட்டர் சுவிட்ச் (பேட்டரியைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்), அல்லது எர்த். ஷண்டின் மெல்லிய சிவப்புக் கம்பி நேராகப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டப்பட்டிருப்பதால்தான் இது உயிரோடு இருக்கிறது.

இருப்பு 80 சதவீதம் என்கிறது, ஆனால் 40 ஆம்பியர் இழுத்ததும் வோல்டேஜ் 12.7 இலிருந்து 10.9க்கு விழுகிறது. இது ஈய அமிலமென்றால் பேட்டரி கிழடு, அல்லது ஒரு செல் போய்விட்டது. இன்வெர்ட்டர் குறைந்த வோல்டேஜ் என்று சொல்லி அணைவது பெரும்பாலும் இதனால்தான். ஆனால் சிவப்புக் கம்பியை முனையில் வைக்காமல் கிளாம்பின் மீதோ பஸ்பாரிலோ (பல கம்பிகள் சேரும் உலோகப் பட்டை) வைத்திருந்தால், லூசான கிளாம்ப்பும் இதே வேஷம் போடும். மீட்டர் முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழ் மீதே நேராக வைத்துப் பார்த்தால் குற்றவாளி பிடிபடும்.

இருப்பே 10 சதவீதம். வேறொன்றுமில்லை, தின்று தீர்த்துவிட்டீர்கள்.

நான்காவது, செயலியில் கருவியே காணோம். லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று தன்னைத் தானே துண்டித்துக்கொண்டால் ஷண்டுக்கும் சாப்பாடு நின்றுவிடும். அப்போது முனையில் அளந்தால் மிகக் குறைந்த வோல்டேஜ், சிலவற்றில் பூஜ்யம். பேட்டரி செத்துவிட்டது என்று புதிதாக வாங்க ஓடாதீர்கள். லோடு (மின்சாரம் இழுக்கும் சாதனங்கள்) அனைத்தையும் கழற்றிவிட்டு, லித்தியத்தை எழுப்பும் வசதியுள்ள சார்ஜரை மாட்டிப் பாருங்கள். இதில் ஒரு பொறி: கரண்ட் போய் மீண்டபின் இருப்பை எப்படித் தொடங்குவது என்று செயலியில் ஓர் அமைப்பு உண்டு. அது 100 சதவீதம் என்றிருந்தால், காலியாகித் துண்டித்த பேட்டரியை எழுப்பியதும் 'நிறைந்திருக்கிறது' என்று வாய்கூசாமல் சொல்லும். அதை மாற்றிவிடுங்கள்.

முதல் நிலைமையில் தடை எங்கே என்று தேட ஸ்மார்ட்ஷண்ட் உதவாது. இங்கேதான் மீட்டர். சிம் லிம் டவரில் கேட்டால் எளிதாகக் கிடைக்கும், ஆனால் நேர்மின்சாரமும் அளக்கும் கிளாம்ப் மீட்டர்தானா என்று பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த பல கிளாம்ப் மீட்டர்கள் மாறுமின்சாரத்தை மட்டுமே அளக்கும். வேன் பேட்டரியில் மாட்டினால் பூஜ்யமே காட்டிக்கொண்டிருக்கும். யூனி-டி யூடி210இ இந்த வேலைக்குப் பொருத்தமானது. 2 ஆம்பியர் வரம்பில் 1 மில்லி ஆம்பியர் வரை பிரித்துக் காட்டும், உச்சம் 100 ஆம்பியர். வாய் சிறியது, தடித்த கம்பி இரண்டை ஒன்றாகப் பிடிக்காது. மீட்டரைத் திருப்பினாலே எண் நகரும், ஆகவே அளக்கப்போகும் நிலையில் வைத்தபடியே ஜீரோ அழுத்திவிட்டு அளக்க வேண்டும்.

தேடும் முறை: லோடு ஓட வேண்டும், அது முக்கியம். கரண்ட் ஓடாத கம்பியில் கெட்ட இணைப்பும் முழு வோல்டேஜ் காட்டும். பம்ப், விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் போட்டுவிடுங்கள். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் குமிழில் நிலையாக இருக்கட்டும். சிவப்பு முனை ஒவ்வொன்றாக நகரட்டும்: பேட்டரி பாசிட்டிவ் குமிழ், அதன் கிளாம்ப், பிரதான ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஐசொலேட்டரின் இரு பக்கம், ஃபியூஸ் பெட்டியின் நுழைவு, கடைசியில் விளக்கோ பம்ப்போ. எந்த இரண்டு இடத்துக்கு நடுவே எண் சட்டென்று விழுகிறதோ அங்கே நோய். பேட்டரியிலிருந்து அந்த விளக்கு அல்லது பம்ப் வரை மொத்தம் 0.36 வோல்ட், அதாவது 3 சதவீதம், அதற்குமேல் விழக்கூடாது. பிறகு நெகட்டிவ் பக்கம்: ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மற்றது வண்டி சட்டத்தில். லோடு ஓடும்போது 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் சுரண்டி, பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். நெகட்டிவ் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனாலேயே அங்கே நோய் அதிகம்.

இணைப்பில் வெறும் 5 மில்லி ஓம் தடை இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். 93 ஆம்பியரில் 0.46 வோல்ட் போய்விடும், அந்தச் சின்ன இடத்தில் 43 வாட் சூடு. சாலிடர் இரும்பின் சூடு அது. உருகிய ஃபியூஸ் ஹோல்டருக்குக் காரணம் ஃபியூஸ் அல்ல, அதன் தளர்ந்த நட்டு. சிவப்புச் சாவி போட்ட மலிவு ஐசொலேட்டர்களைப் பெரிய இன்வெர்ட்டருடன் சேர்க்காதீர்கள். கை வைத்துப் பார்த்தாலே சூடு தெரியும்.

நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி தானாகக் காலியானால் ஸ்மார்ட்ஷண்ட் முன்னுக்கு வரும், ஒரு குறையோடு. கரண்ட் த்ரெஷ்ஹோல்டு 0.1 ஆம்பியர் என்றே வரும். அதற்குக் கீழே ஓடுவதைக் கருவி பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். 0.08 ஆம்பியர் கசிந்தால் மாதத்துக்கு 57 ஆம்பியர் மணிக்கு மேல். பல அடுக்குக் கார் நிறுத்தத்தில் ஒரு மாதம் நிற்கும் வேனுக்கு அது பேட்டரியில் பாதி. இருப்போ இன்னமும் 100 என்றே காட்டும். எல்லா லோடையும் கழற்றி 'ஜீரோ கரண்ட் கேலிபரேஷன்' செய்துவிட்டு, த்ரெஷ்ஹோல்டை 0.01க்கு இறக்குங்கள். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே செயலியைப் பார்த்தால் திருடன் சிக்குவான்: பெரும்பாலும் ஓய்வில் விட்ட இன்வெர்ட்டர், கேஸ் டிடெக்டர், ரேடியோ.

வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறவில்லை என்றால், கருவியோடு வரும் இரண்டாவது சிவப்புக் கம்பி பயன்படும். அதை எஞ்சின் பேட்டரியில் மாட்டினால் அதன் வோல்டேஜும் செயலியில் தெரியும். எஞ்சின் ஓடும்போது அங்கே 14 வோல்ட், இங்கே ஆம்பியர் ப்ளஸ்ஸில் இல்லை என்றால் குற்றவாளி டிசி-டிசி சார்ஜர் (எஞ்சின் பக்கத்திலிருந்து வேன் பேட்டரிக்கு ஏற்றுவது) அல்லது அதன் ஃபியூஸ். சார்ஜருக்குள் நுழையும் இடத்தில் வோல்டேஜ் ஒரு வோல்ட் குறைந்திருந்தால் கம்பி மெலிது: போக வர 10 மீட்டர், 6 சதுர மில்லிமீட்டர் கம்பி, 30 ஆம்பியர் என்றால் இழப்பு 0.9 வோல்ட். 16 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் அது 0.35. புதிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் வேண்டுமென்றே வோல்டேஜை இறக்கும், அவற்றில் இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் பழைய ரிலே வகைப் பிரிப்பான் பாதி நேரம் துண்டித்தே கிடக்கும்.

230 வோல்ட் பக்கம் பிரச்சினை என்றால் இரண்டு கருவியையும் ஓரம் வையுங்கள். எல்லா பிளக்கையும் உருவி, ஆர்சிடியை (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) மேலே தூக்கிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் விழுகிறதோ அதுதான். பெரும்பாலும் ஈரம் ஏறிய நீட்டிப்பு கேபிள் அல்லது வாட்டர் ஹீட்டர். எதுவும் மாட்டாமலே விழுந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் போங்கள், மூடியைத் திறக்காதீர்கள். நியூசிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ வாடகைக்கு எடுத்த வேன் என்றால் முதலில் முகாமின் மின்கம்பத்தில் இருக்கும் பிரேக்கர், அடுத்து வண்டிக்குள் இருக்கும் பிரேக்கர், பிறகு கதவருகே உள்ள பலகையில் 12 வோல்ட் மெயின் சுவிட்ச். அதற்கு மேல் வாடகைக்குக் கொடுத்த நிறுவனம்தான் பொறுப்பு.

வாங்கும் வரிசை: முதலில் மீட்டர், ஒரு கம்பித் தூரிகை, 5 முதல் 30 ஆம்பியர் வரை பிளேடு ஃபியூஸ் ஒரு டப்பா. லித்தியத்துக்கு மாறுகிறீர்கள், அல்லது 1000 வாட்டுக்கு மேல் இன்வெர்ட்டர் வைக்கிறீர்கள் என்றால் ஸ்மார்ட்ஷண்டையும் கூடவே வாங்கிவிடுங்கள். ஒரே ஒரு ஈய அமில பேட்டரி, நாலு எல்இடி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ் என்றால் அவசியமில்லை. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து தருவித்தாலும் 9 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதைக் கணக்கில் எடுங்கள். சிங்கப்பூரில் பதிந்த வண்டியில் நிரந்தரமாக எதையும் மாற்றும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

பொருத்தும்போது ஈரம் படாத இடம் பாருங்கள், சாதாரண மாடல் தண்ணீர் தாங்காது. அதற்கு ஐபி65 மாடல் தனியாக உண்டு. முழு இரும்புப் பெட்டிக்குள் மூடிவைத்தால் ப்ளூடூத் வெளியே வர முக்கும். சிவப்புக் கம்பியில் உள்ள குட்டி ஃபியூஸுக்கு மாற்று ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும்: அது போனாலும் செயலியில் கருவி மறைந்துவிடும், விளக்கெல்லாம் எரிந்துகொண்டே இருக்கும்போது.