ஆட்டிசம் உள்ள மகனோடு ஊருக்கு: பாளையங்கோட்டையில் பார்த்த பயிற்சி

மகனுக்கு ஐந்து வயது. நியூ ஜெர்சியில் மூன்று வயது வரை பயிற்சியாளர்கள் வீட்டுக்கே வந்தார்கள். அதன்பிறகு பள்ளியே ஐ.இ.பி. என்று அவனுக்கென ஒரு தனித்திட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறது. விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்தால் அத்தனையும் நின்றுபோகுமே என்று, பிறரோடு பழகவும் உணர்ச்சிகளைப் புரிந்துகொள்ளவும் சொல்லிக்கொடுக்கிற நல்ல மையமாக ஊரில், கிளம்புவதற்கு முன்பே தேட ஆரம்பித்தேன். எங்களைப் போலச் சின்னப் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் போனது பளபளவென்று இருந்த ஒரு தனியார் மையம். பெற்றோரை உள்ளே விட மாட்டார்களாம், வெளியே திரையில் பார்த்துக்கொள்ளலாமாம். பார்த்தேன். மகனை மேசை முன் உட்காரவைத்து, சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று அட்டை அட்டையாகக் காட்டினார்கள். அவனும் "சந்தோஷம்", "சோகம்" என்று ஒப்பித்தான். அதெல்லாம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். நடுவில் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது தாடையைப் பிடித்து நிமிர்த்தி "என்னைப் பாரு" என்றார்கள். எனக்குத் தாங்கவில்லை. கண்ணோடு கண் பார்ப்பது தங்களுக்கு எவ்வளவு வேதனை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பலவந்தம் செய்தால் பிள்ளையிடம் பயம்தான் மிஞ்சும். கிளம்பும்போது, "ஆறு மாசம் விடுங்க, சரியாக்கிடலாம்" என்று வேறு சொன்னார்கள். ஆட்டிசம் குணமாக்கி அனுப்புகிற காய்ச்சல் இல்லை. அப்படி வாக்குக் கொடுக்கிற இடத்தில் தயவுசெய்து முன்பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது இடம் அத்தை மகள் சொல்லித் தெரிந்தது. ஒரு வீட்டின் முன்கூடம், தரையில் பாய், அவ்வளவுதான். சிறப்புக் கல்வி படித்த ஒரு பெண் நடத்துகிறார். "நீங்க மட்டும் வந்தா போதாதுக்கா, வீட்ல பிள்ளையோட யாரு இருப்பாங்களோ அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் என் அம்மாவும் அண்ணன் மகளும் வந்தார்கள்.

பாயில் பல்லாங்குழி. மகனுக்குப் புளியங்கொட்டைகளை நீளமாக அடுக்கத்தான் பிடித்தது. அவர் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தானும் அடுக்கினார். கொஞ்ச நேரத்தில் அவன் அவர் கையைப் பார்க்க ஆரம்பித்தான். அப்புறம்தான் ஒரு குழியில் ஒரு கொட்டையைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அவனும் ஒன்று போட்டான். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, அடுத்த கொட்டையை எடுத்து அவன் கையில் திணிக்கப் போனார்.

"ஆச்சி, நீங்க முந்திக்கிட்டுக் குடுத்தா அவன் எதுக்கு உங்ககிட்ட கேக்கணும்? கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தோம். அவன் கையை நீட்டி, "ஆச்சி, தா" என்றான்.

ஆட்டம் சூடு பிடித்ததும் அண்ணன் மகள் கொட்டைகளை அள்ளிவிட்டாள். அவன் கத்திக்கொண்டு பலகையைத் தள்ளினான். நாங்கள் எல்லாரும் சமாதானம் சொல்ல வாயெடுத்தோம். அவர் கை காட்டி நிறுத்திவிட்டு, தாழ்ந்த குரலில் "கோவம் வந்துட்டு. காய் போச்சேன்னு கோவம்" என்று மட்டும் சொன்னார். அவன் மூச்சு அடங்கிய பிறகு, ஒரு தலையணையை இரண்டு கையாலும் அமுக்கிக் காட்டி அவனிடம் கொடுத்தார். அட்டையில் இருக்கிற அழுமூஞ்சியால் இது நடக்காது. கோபம் உள்ளே கொதிக்கும்போதே அது இன்னதென்று அவனுக்குத் தெரிகிறது, அடுத்து என்ன செய்யலாம் என்பதும் தெரிகிறது. அண்ணன் மகளுக்கும் ஒரு வேலை கொடுத்தார்: போடுவதற்கு முன் "இப்ப நான்", போட்ட பின் "இப்ப நீ" என்று சொல்ல வேண்டும். எட்டு வயதுப் பெண், இரண்டே நாளில் எங்களைவிட நன்றாகச் செய்தாள்.

வீட்டாரைப் பழக்குவது வசதியில்லாத இடத்துச் சமாளிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஓர் ஆய்வு 2016இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் வந்தது. மருத்துவர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லா அளவுகோலிலும் பலன் வரவில்லை. ஆனால் பிள்ளையின் போக்குக்கு ஈடுகொடுக்கப் பெற்றோர் பழகினார்கள், பிள்ளைகளும் தாங்களாகவே முன்வந்து பெற்றோரோடு பேசவும் காட்டவும் செய்தார்கள். "ஆச்சி, தா" என்பதும் அந்த வகைதான்.

இன்னொன்று, மொழி. வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று அமெரிக்காவில் எங்களுக்கு ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு கெடும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆச்சிக்குத் தெரிந்தது தமிழ்தான். அந்த உறவை வெட்டிவிட்டு வேறு எந்தச் சமூகத் திறனை வளர்ப்பது?

தென்காசிப் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைக் கேட்டுப் பாருங்கள். 1981இல் எஸ்.ராமகிருஷ்ணன் தொடங்கியது. கிராமங்களில் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். சென்னை என்றால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் (NIEPMD) இருக்கிறது, 6 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவோடு.

ஊரோடு தங்கிவிடத் திரும்புகிறவர்களுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முக்கியம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. இசா (ISAA) என்கிற 40 கேள்வி மதிப்பீட்டை வைத்துத்தான் பாதிப்பின் அளவைக் கணக்கிடுகிறார்கள். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இந்தியக் குடிமக்களுக்குத்தான், அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்குக் கிடைக்காது.

எந்த மையமானாலும் பயிற்சியாளரிடம் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு செய்தவர்கள் தயங்காமல் காட்டுவார்கள். பள்ளி அறிக்கையின் நகலையும் கையோடு கொண்டுபோங்கள். எங்களுக்கு முதல் நாள் மதிப்பீட்டு நேரத்தில் பாதி அதனால்தான் மிச்சமானது.