மாறியைக் கொடுத்தால் அதே மதிப்போடு திரும்பி வருமா? விபிஏ, விபி டாட் நெட், சி ஷார்ப், பைத்தான்

எக்செல்லில் ஒரு பில் மேக்ரோ. தொகை என்ற மாறியில் 1000 இருந்தது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்க்கும் ஃபங்ஷனுக்கு அதைக் கொடுத்தேன், 1180 வந்தது, சரி. நாலு வரி தள்ளி, பில்லின் இன்னொரு கட்டத்துக்காக அதே தொகையை மறுபடி கொடுத்தால் 1392.40 வருகிறது. தொகையை நடுவில் யாரும் தொடவில்லை என்று நம்பி முக்கால் நாள் வேறு எங்கெங்கோ தேடினேன், கடைசியில் பார்த்தால் ஃபங்ஷனுக்கு உள்ளே 'தொகை = தொகை * 1.18' என்று ஒரு வரி, அது வெளியே இருக்கும் என் மாறியையே மாற்றிக்கொண்டிருந்தது.

எக்செல் மேக்ரோக்களை எழுதும் நிரல் மொழியான விபிஏவில் நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் மாறி 'பைரெஃப்' ஆகத்தான் போகும், அதாவது நகல் போகாது, மாறி இருக்கும் இடமே போகும். பழைய விபி 6-லும் (விஷுவல் பேசிக்) இதே கதைதான். ஃபார் லூப்பில் எத்தனையாவது சுற்று என்று எண்ணும் மாறியை இப்படி ஒரு புரொசீஜருக்கு (பெயர் வைத்த நிரல் துண்டு) கொடுத்து, அது உள்ளே அதை 1 ஆக்கிவிட்டால் லூப் முடியவே முடியாது, எக்செல் அப்படியே உறைந்து நிற்கும். இதைவிட என்னைக் கடுப்பாக்குவது அடைப்புக்குறி விவகாரம். ஒரு 'சப்' (Sub, விடை திருப்பித் தராத புரொசீஜர்) பெயரை எழுதி, இடைவெளி விட்டு, மாறியை வெறுமனே எழுதினால் அசல் போகும். அதே மாறியைச் சுற்றி அடைப்புக்குறி போட்டால் அது ஒரு கணக்காக மதிப்பிடப்பட்டு நகல் போகும். முன்னால் 'கால்' (Call) என்று சேர்த்துவிட்டால் அதே அடைப்புக்குறிக்குள் மறுபடி அசல் போகும்! ஒரு குறியீட்டுக்கு இடத்துக்கு இடம் வேறு அர்த்தம் இருந்தால் படிக்கிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இதை எழுதியவரின் கவனக்குறைவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை, மொழியை வடிவமைத்ததிலேயே இருக்கிற கோளாறு இது.

2002-இல் வந்த விபி டாட் நெட் இதைத் தலைகீழாக்கியது. ஒன்றும் எழுதாவிட்டால் 'பைவால்', நகல்தான் போகும். நல்ல முடிவு, என் பில் அங்கே இரண்டு முறையும் 1180 என்றே வந்திருக்கும். ஆனால் பழைய விபி நிரலைக் கையால் அங்கே கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அசல் மாறும் என்பதை நம்பி எழுதிய புரொசீஜர் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் சும்மா இருந்துவிடும். இன்னொரு குறை, தலைப்பில் (புரொசீஜரை வரையறுக்கும் முதல் வரி) பைரெஃப் என்று எழுதியிருந்தாலும் அழைக்கும் வரியைப் பார்த்து அது தெரியாது.

சி ஷார்ப் எனக்குப் பிடிப்பது இந்த இடத்தில்தான். 'ரெஃப்' என்ற சொல்லைத் தலைப்பிலும் எழுத வேண்டும், அழைக்கும் இடத்திலும் எழுத வேண்டும், ஒன்றில் விட்டால் நிரலை மொழிமாற்றும் கம்பைலரே நிறுத்திவிடும். ஆறு மாதம் கழித்து அந்த ஒரு வரியை மட்டும் படிக்கிறவருக்கும் 'இந்த மாறி மாறக்கூடும்' என்று கண்ணில் பட்டுவிடும். ரஸ்ட், ஸ்விஃப்ட் மொழிகளும் இதே வழியில் அழைக்கும் இடத்தில் குறி கேட்கின்றன. சி பிளஸ் பிளஸ்ஸில் அசலையே கொடுக்கும் 'ரெஃபரன்ஸ்' அப்படிக் குறி கேட்பதில்லை, அதனால் அங்கே ஒவ்வொரு ஃபங்ஷனின் தலைப்பையும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பைத்தான் தனி ரகம். எண்ணைக் கொடுத்து உள்ளே அந்தப் பெயருக்கு வேறு மதிப்பு வைத்தால் வெளியே ஒன்றும் ஆகாது. ஒரு லிஸ்ட்டைக் கொடுத்து உள்ளே அப்பெண்ட் செய்தால் (கடைசியில் ஒன்றைச் சேர்த்தால்) வெளியே இருக்கிற லிஸ்ட்டும் வளரும், ஏனென்றால் இரண்டு பெயரும் ஒரே பொருளைத்தான் காட்டுகின்றன. ஆர்க்யுமெண்ட்டுக்கு (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) இயல்பு மதிப்பாகக் காலி லிஸ்ட் வைத்தால், அது ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு தடவைதான் உருவாகும், முதல் அழைப்பில் சேர்த்தது இரண்டாம் அழைப்பிலும் வந்து நிற்கும். இதில் சி ஷார்ப்பையும் விபி டாட் நெட்டையும் தூக்கிப் பேச முடியாது, அங்கேயும் ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தால் நகலாவது அதன் முகவரிதான், உள்ளடக்கம் மாறினால் மாறியதுதான்.

ஆக என் வரிசை: சி ஷார்ப், விபி டாட் நெட், பைத்தான், கடைசியில் விபிஏ. ஆனால் அலுவலகக் கணக்கெல்லாம் எக்செல்லில் ஓடும்போது விபிஏவை விட்டுவிட வழியில்லையே. அதனால் அன்றைக்கே எல்லாத் தலைப்புகளிலும் பைவால் சேர்க்க ஆரம்பித்தேன். அர்ரேக்கும் (மதிப்புகளின் வரிசை) நாமே வரையறுத்த டைப்புக்கும் (தரவு வகை) மட்டும் அது செல்லாது, கம்பைலர் விடாது, அவற்றுக்குப் பைரெஃப் என்று வெளிப்படையாக எழுதினேன். சேர்த்து முடித்து ஓட்டியதும் இரண்டு புரொசீஜர்கள் வேலை செய்யவில்லை. இரண்டுமே அசலை மாற்றித்தான் விடையைத் திருப்பித் தந்துகொண்டிருந்தன, அவற்றை ஃபங்ஷனாக மாற்றி எழுதிய பிறகு பில் சரியாக வந்தது.