குருசடையா, ஜாலிபாயா? நெல்லையிலிருந்து ஒரு தீவுப் பயணம்

கடல் நடுவே, ஊரும் கடையும் இல்லாத தீவுக் காட்டைப் பார்க்க வேண்டும் என்றால் திருநெல்வேலிக்காரருக்கு நடைமுறையில் இரண்டு வழிதான். ஒன்று, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் உள்ள குருசடைத் தீவு. இன்னொன்று, அந்தமானில் வண்டூர் பூங்காவைச் சேர்ந்த ஜாலிபாய். செலவை மட்டும் பார்த்தால் குருசடைதான், பேச்சே இல்லை.

‘பக்கத்திலேயே தூத்துக்குடி, அங்கே வான் தீவு இருக்கே’ என்பார்கள். அதெல்லாம் நடக்காது. 1986-இல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக்கூடாது. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி, இரண்டு தீவுகள் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. எனவே தெரிந்தவர் படகு இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

குருசடைக்கு வனத்துறைப் படகு பாம்பன் குந்துகாலிலிருந்து கிளம்புகிறது. 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய அதே கரை. தூத்துக்குடி, கீழக்கரை வழியாகக் காரில் 200 கிலோமீட்டருக்கு மேல். ஜாலிபாய்க்கு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து விமானம், போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இறங்கி மறுபடி சாலையில் வண்டூர், அங்கிருந்து படகு. சென்னையிலிருந்து கப்பலும் உண்டு. கடலிலேயே மூன்று நாள் போய்விடும். லீவு கணக்குப் பார்க்காதவர்களுக்குச் சரி.

தேதிதான் பலர் கோட்டை விடும் இடம். குற்றாலத்தில் சாரல் கட்டும் நேரத்தில் பாம்பனில் காற்று பேயாய் அடிக்கும். ஆனி, ஆடியில் குருசடையை நம்பிக் கிளம்பாதீர்கள். ஜாலிபாய் நவம்பர் வாக்கில் திறந்து மே நடுவில் மூடிவிடும். அதன்பின் ரெட்ஸ்கின் தீவுக்குத்தான் கூட்டிப் போவார்கள். பவளத்துக்கு ஓய்வு கொடுக்கத்தான் இந்த மாற்று ஏற்பாடு. பிள்ளைகளின் முழுஆண்டு விடுமுறையை நம்புகிறவர்கள் ஏப்ரல் கடைசியிலேயே போய்விட வேண்டும். திங்கட்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள், அன்று வண்டூர் பூங்காவுக்கு விடுமுறை. பொங்கல் கழிந்து மார்ச் வரை இரண்டு பக்கமும் கடல் அமைதியாக இருக்கும்.

பவளம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு ஜாலிபாய்க்கே. 2010-இல் கடல் சூடேறி அங்கேயும் பவளம் வெளுத்ததுதான். ஆனாலும் கண்ணாடி அடிப்படகில் குனிந்து பார்த்தால் நம் பக்கத்துக் கடலை அதோடு ஒப்பிட மனம் வராது. கரை வரை அடர்ந்த காடு வேறு. குருசடை தட்டையான மணல் தீவு, ஓரத்தில் அலையாத்தி மரங்கள். 2016 வெப்பத்தில் இந்த வளைகுடாவின் பவளமும் நிறைய செத்தது. டிவியில் பார்த்த வண்ணத் தோட்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆச்சி, தாத்தாவோடு நெருக்கத்தில் ஒரு தீவைப் பார்த்துவிட்டு, அப்படியே ராமேஸ்வரமும் போய்வர அதுவே தோது.

ஜாலிபாயில் சாப்பாட்டுக் கடை கிடையாது, பிளாஸ்டிக்கும் ஆகாது. வண்டூரிலேயே பையைத் திறந்து சோதித்துவிடுவார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், புளியோதரைக்குத் தூக்குச்சட்டி. கடையில் வாங்கும் முறுக்குப் பாக்கெட்டை மட்டும் அறையிலேயே பிரித்து டப்பாவில் கொட்டிக்கொள்ளுங்கள்.