மூன்று ஆண்டுகள் ஓட்டிய குறைந்த விலை மோட்டார் சைக்கிள்: திருகாணிகள் பற்றிய மதிப்பீடு

மூன்று ஆண்டுகளாக அன்றாடம் ஓட்டிவரும் இந்தக் குறைந்த விலை 125 சிசி மோட்டார் சைக்கிளின் இன்ஜினைப் பற்றியோ மைலேஜைப் பற்றியோ எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. காலையில் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகிறது, கியர் தடங்கலின்றி விழுகிறது, இருவர் ஏறினாலும் திணறுவதில்லை. ஆனால் இவ்வளவையும் ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கும் திருகாணிகளும் போல்ட்டுகளும் அந்த இன்ஜினுக்குச் சற்றும் ஈடானவையாக இல்லை. தன் வண்டியைத் தானே பராமரிக்க விரும்புகிறவரை இந்த வண்டி சோதிப்பது அங்கேதான் என்பதால், மற்றவற்றை விட்டுவிட்டு அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் அனுபவம் முன் பிரேக்கில் கிடைத்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது வழக்கம். அதற்காக ஹேண்டில்பாரில் உள்ள ஆயில் கிண்ணத்தின் மூடியைத் திறக்க முயன்றேன். அந்த மூடியை இரண்டு சிறிய எம்4 (4 மி.மீ. விட்டமுள்ள) திருகாணிகள் பிடித்திருக்கின்றன. கூம்பு வடிவத் தலை மூடிக்குள் பதிந்து உட்காரும் வகை அது. ஆப்பு இறங்கியதுபோல் அடிப்பகுதி முழுவதும் உரசி நிற்பதால் இயல்பாகவே இளகுவது கடினம். திருப்புளியை வைத்துத் திருப்பினேன். முனை நழுவி மேலே வந்தது. இரண்டாம் முறை நன்றாக அழுத்தித் திருப்பியபோது சிலுவைப் பள்ளத்தின் நான்கு சுவர்களும் சரிந்து, நடுவில் ஒரு வட்டக் குழி மட்டும் மிஞ்சியது. திருப்புளியின் முனையில் உமி அளவுக்கு ஓர் உலோகச் சீவல் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதில் பாதித் தவறு என்னுடையது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஜப்பானிய வடிவமைப்பைப் பின்பற்றும் வண்டிகளில் உள்ள சிலுவைத் தலைத் திருகாணிகள் பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தரத்தின்படி செய்யப்பட்டவை. பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி அடையாளமாக இருக்கும். நம் கருவிப் பெட்டிகளில் இருப்பதோ பிலிப்ஸ் முனை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், பிலிப்ஸ் முனை அந்தப் பள்ளத்தின் அடிவரை சென்று அமர்வதில்லை. சுமை கூடியதும் பள்ளத்தைவிட்டு மேலேறி விளிம்புகளைத் தின்றுவிடுகிறது. அளவும் முக்கியம்: எம்4, எம்5 திருகாணிகளுக்கு 2ஆம் எண் முனையும், எம்6 திருகாணிக்கு 3ஆம் எண் முனையும் வேண்டும். பெரிய தலையைச் சிறிய முனையால் திருப்புவதே பலருடைய வண்டியில் தலைகள் மழுங்குவதற்கு முதல் காரணம். ஜே.ஐ.எஸ். திருப்புளி ஒன்றை வாங்கிய பிறகு அதே வண்டியில் மீதமிருந்த சிலுவைத் தலைகளில் பெரும்பாலானவை சேதமின்றிக் கழன்றன.

மீதிப் பாதிக்கு உற்பத்தியாளரே பொறுப்பு. நல்ல எஃகு போல்ட்டின் தலையில் 8.8 என்பதுபோல் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண்ணை 100ஆல் பெருக்கினால் அது தாங்கும் இழுவலிமை மெகாபாஸ்கல் என்ற அலகில் கிடைக்கும். அந்த வலிமையில் எத்தனை பத்தில் ஒரு பங்குவரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதை இரண்டாம் எண் காட்டும். ஆக 8.8 என்றால் 800 மெகாபாஸ்கல், அதில் 640 வரை நீளாது, 4.8 என்றால் 400, அதில் 320 வரைதான். இந்த வண்டியின் கிளட்ச் பக்க மூடியைப் பிடிக்கும் போல்ட்டுகளில் எந்த எண்ணையும் நான் காணவில்லை. அவற்றின் அறுகோணத் தலை பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரின் ஒரே இழுப்பில் உருண்டையாகிறது. ஆறு முனை சாக்கெட் தலையின் பக்கங்களை முழுமையாகப் பற்றுவதால் மட்டுமே தப்பிக்க முடிகிறது.

தலை மழுங்குவதைவிடக் கொடியது மரை, அதாவது போல்ட் திருகி இறங்கும் சுருள்வரி, போவது. ஆயில் கசிவுக்காக அந்த மூடியைத் திறந்து மூடிய நாளில், ஒரு போல்ட் திரும்பிக்கொண்டே இருந்தது. இறுக்கம் வரவே இல்லை. வெளியே எடுத்துப் பார்த்தபோது அதன் மரை இடுக்குகளில் வெள்ளை நிற அலுமினியம் மெல்லிய கம்பிச்சுருள்போல் சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஜின் உடலின் மரையே பெயர்ந்து வந்துவிட்டது. என் கை இழுத்தது கொஞ்சம்தான். அதற்கு முன் ஒரு சர்வீஸ் நிலையத்தில் அதே போல்ட்டுகளைக் காற்றழுத்த கன் கொண்டு முடுக்கியதை நேரில் பார்த்திருந்தேன். அலுமினியத்தில் இறங்கும் எம்6 போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கமே போதும். மணிக்கட்டால் கொடுக்கும் அளவு அது. அந்த எல்லையைத் தாண்டினால் முதலில் தோற்பது எஃகு அல்ல, அதைச் சுற்றியிருக்கும் மென்மையான அலுமினியம். போதாக்குறைக்குத் தொழிற்சாலையில் கிரீஸ் எதுவும் இன்றி உலர்வாகவே முடுக்கியிருக்கிறார்கள். எஃகும் அலுமினியமும் ஈரத்தோடு சேரும்போது அலுமினியம் அரிக்கப்பட்டு, வெள்ளைப் பொடி மரையை அடைத்துக்கொள்கிறது.

போன மரையை மீட்க ஹெலிகாயில் எனும் எஃகுக் கம்பிச்சுருளைப் போட்டேன். எம்6 மரைக்கு 6.3 மி.மீ. துளை போட்டு, அதற்கென்றே வரும் டேப் எனும் மரை வெட்டும் கருவியால் புது மரை வெட்டி, எஃகுச் சுருளை உள்ளே திருகி இறக்க வேண்டும். துளையின் ஆழத்தை அறிந்து ட்ரில் பிட்டில் ஒட்டுநாடா சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளாவிட்டால் அடிச்சுவரைத் துளைத்துவிடும் ஆபத்து உண்டு. மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் தடவினால் சீவல்கள் அதில் ஒட்டிக்கொண்டு இன்ஜினுக்குள் விழாமல் இருக்கும். சீராகச் செய்தால் பழைய அலுமினிய மரையைவிட இது உறுதியாக நிற்கிறது. அந்த இடத்தில் இன்றுவரை கசிவு இல்லை.

மழுங்கிய தலைகளை எடுக்க நான் பயன்படுத்திய கருவிகளில் முழுமனத்தோடு பாராட்டத் தக்கது கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர்தான். சுத்தியலால் ஓங்கி அடிக்கும்போது முனை பள்ளத்துக்குள் இறங்கும் அதே நொடியில் திரும்பவும் செய்வதால் நழுவ இடமில்லை. இன்ஜின் பக்க மூடிகளில் பாதி மழுங்கிய ஏழு திருகாணிகளை இதனால் எடுத்தேன். ஆனால் பிரேக் ஆயில் கிண்ணத்தில் இதைப் பயன்படுத்தக் கூடாது. அது மெல்லிய வார்ப்பு, அடி தாங்காது. அங்கே முதலில் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் திருப்புளி முனையில் தடவிப் பார்த்தேன். அதிலுள்ள மணிகள் பிடிமானம் தந்ததால் ஒரு திருகாணி கழன்றது. மற்றொன்றின் தலையை ட்ரில்லால் குடைந்து நீக்கினேன். தலை போனதும் இறுக்கமும் போய்விடும் என்பதால், மூடியைத் தூக்கிவிட்டு மிஞ்சிய தண்டைக் கட்டிங் பிளையரால் எளிதாகத் திருப்பி எடுக்க முடிந்தது. சுற்றிலும் ஈரத்துணி போர்த்திக்கொள்வது அவசியம். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும். உடைந்த திருகாணியை எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கடினமான, நொறுங்கும் எஃகால் ஆன அது துளைக்குள் முறிந்துவிட்டால் அதன்பின் சாதாரண ட்ரில் பிட் எதுவும் அங்கே இறங்காது. அதற்கு முன் சூடு காட்டிப் பார்ப்பது நல்லது. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால் பிடி தளர்கிறது. பெட்ரோல் டாங்க்குக்கோ பிரேக் ஆயிலுக்கோ அருகில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

மாற்றாகத் தொகுப்பாகக் கிடைக்கும் துருப்பிடிக்காத எஃகு ஆலன் போல்ட்டுகளை (தலையில் அறுகோணப் பள்ளமுள்ளவை) வாங்கினேன். தரம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் எல்லா இடங்களுக்கும் ஏற்றவை அல்ல. ஏ2-70 என்ற வகையின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், இது 8.8க்குக் குறைவு. ஆகவே பிரேக் காலிப்பர், டிஸ்க், இன்ஜினைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றில் அழகுக்காக இவற்றைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். தலையின் வடிவத்தையும் பார்த்து வாங்க வேண்டும். குமிழ்த் தலை எம்6 போல்ட்டுக்கு 4 மி.மீ. ஆலன் கீதான் பொருந்தும், அதன் பள்ளமும் ஆழமற்றது. உருளைத் தலை எம்6 போல்ட்டுக்கு 5 மி.மீ. கீ ஆழமாக இறங்கும். மழுங்கலிலிருந்து தப்பிக்க எண்ணி மாற்றுகிறவர் குமிழ்த் தலையை வாங்கினால் அதே தொல்லைக்குத்தான் திரும்ப வருவார். பக்க மூடியின் போல்ட்டுகள் வெவ்வேறு நீளமுள்ளவை. நீளமானது குட்டைத் துளைக்குள் போனால் அடியில் முட்டி வார்ப்பைப் பிளக்கும் என்பதால், மூடியின் வடிவத்தை அட்டையில் வரைந்து ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்திவைத்துக்கொண்டே வேலை செய்தேன்.

புதிய போல்ட் ஒவ்வொன்றின் மரையிலும், இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் கிரீஸை மெலிதாகத் தடவினேன். துருப்பிடிக்காத எஃகும் அலுமினியத்தோடு சேர்ந்தால் அரிப்பை உண்டாக்கும் என்பதால் இதைத் தவிர்க்க இயலாது. கிரீஸ் தடவிய மரைக்கு வேண்டிய முறுக்கம் குறைவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாம் கொடுக்கும் முறுக்கத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் உராய்விலேயே செலவாகிறது. உராய்வு குறைந்தால் அதே முறுக்கம் போல்ட்டைக் கூடுதலாக இழுத்து மரையைப் பெயர்த்துவிடும். உலர்ந்த மரைக்குக் குறிப்பிட்ட அளவில் சுமார் கால் பங்கைக் குறைத்து, முறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச்சில் வைத்துக்கொள்கிறேன்.

இந்த வண்டியை வாங்கலாமா என்று கேட்பவருக்கு, வாங்கலாம் என்றே சொல்வேன். வாங்கிய முதல் மாதத்திலேயே, உப்பும் ஈரமும் மரைகளில் ஏறுவதற்கு முன், பக்க மூடி போல்ட்டுகளை ஒரு நேரத்தில் ஒன்றாகக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, அளவாக முடுக்கிவிடுங்கள். கூடவே ஒரு ஜே.ஐ.எஸ். திருப்புளி, ஆறு முனை சாக்கெட்டுகள், சிறிய அளவுகளுக்கான டார்க் ரெஞ்ச் ஆகியவற்றின் செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். வண்டியைத் தயாரிப்பவர்கள் 8.8 தர போல்ட்டும் ஒரு சொட்டு கிரீஸும் தந்திருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி வாங்குபவர் தலையில் விழுந்திருக்காது. அதை அவர்கள் செய்யத்தான் வேண்டும்.

சென்ற மாதம் பிரேக் பேட் மாற்றியபோது அந்த ஆயில் மூடியை மீண்டும் திறந்தேன். புதிய எம்4 திருகாணிகள் இரண்டும் 2.5 மி.மீ. ஆலன் கீக்கு அரைச் சுற்றில் இளகின. பின் விளக்குக் கண்ணாடியின் திருகாணிகள் மட்டும் இன்னும் பழையவை. ஒன்றின் தலை ஏற்கெனவே ஓரம் சரிந்திருக்கிறது. அடுத்த முறை பல்பு மாற்றும்போது அவற்றையும் மாற்ற வேண்டும்.