கனாரித் தீவுக்கு மேட்ச் பார்க்கப் போகிறீர்களா? டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

2025 பிப்ரவரி 22, சனிக்கிழமை. ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் ஒன்றான கிரான் கனாரியா, அங்கே லாஸ் பால்மாஸ் நகரத்தில், கிரான் கனாரியா ஸ்டேடியத்தின் வாசல். லாஸ் பால்மாஸ் அணிக்கும் பார்சலோனாவுக்கும் கால்பந்து மேட்ச், தொடங்க எட்டு நிமிடம் இருந்தது. என் அக்கா மகன் கையில் இருந்த கார்டை வைத்தான், பச்சை விளக்கு எரிந்தது, கம்பி சுழன்றது, உள்ளே போய்விட்டான். அவன் பின்னாலேயே நான் என் கார்டை வைத்தேன். சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. வாசலில் நின்ற பெண் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதில் அச்சிட்டிருந்த பெயர் ஒரு ஸ்பானியப் பெண்ணின் பெயர். என் முகத்தைப் பார்த்தார், அடையாள அட்டையைக் கேட்டார். கேட்கும்போதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

அக்கா மகன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “மாமா, என்னாச்சு? நான் வெளியே வரட்டுமா?” என்று கேட்டான். வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். “நீ போய்ப் பாருடா, நான் இங்கேதான் இருப்பேன்” என்றேன். கார்டை அந்தப் பெண் தானே வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவர் தன் வேலையைச் செய்தார்.

நான் பார்சலோனாவில் ஐந்து வருடமாக வேலை செய்கிறேன். ஊருக்குப் புதிதில்லை, ஸ்பானிய மொழி ஓரளவு பேசுவேன். அப்படியிருந்தும் இது நடந்தது. ஊரிலிருந்தோ ஜெர்மனி, சுவிஸ் போன்ற இடங்களிலிருந்தோ விடுமுறைக்கு வந்து, அப்படியே ஒரு மேட்சும் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா மகன் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறான். திருநெல்வேலியில் இருந்த காலத்தில், இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து, வீட்டில் யாரும் விழித்துக்கொள்ளாதபடி டிவியைச் சத்தமில்லாமல் வைத்து பார்சலோனா மேட்ச் பார்த்தவன். பார்சலோனா வீரர் பெட்ரி என்றால் அவனுக்கு உயிர். பெட்ரி கனாரித் தீவுகளில் பிறந்தவர். ஊர் டெனெரிஃபே தீவில் இருக்கிற தெகெஸ்தே. ஆனால் பெரிய ஆட்டம் ஆடத் தொடங்கியது பக்கத்துத் தீவின் லாஸ் பால்மாஸ் அணியில்தான். 2020இல் பார்சலோனாவுக்கு வந்தார். “அவர் பழைய கிரவுண்டில் அவரைப் பார்க்கணும் மாமா” என்பது இவனுடைய ரொம்ப நாள் ஆசை. அதோடு 2024 நவம்பர் 30 அன்று, பார்சலோனா கிளப்பின் 125ஆம் ஆண்டு விழாவுக்கு மறுநாள், எங்கள் ஊருக்கே வந்து லாஸ் பால்மாஸ் 2–1 என்று ஜெயித்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கணக்கும் பாக்கி இருந்தது.

டிசம்பர் கடைசியில் டிக்கெட் தேடினேன். தேடியதும் மேலே வந்தது ஒரு மறுவிற்பனைத் தளம். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அதே மாதிரி பல இருக்கின்றன, ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை நல்லவை என்று ஆகிவிடும். பார்த்தால் கிளப்பின் சொந்தப் பக்கம் போலவே இருந்தது. அணியின் நிறம், ஸ்டேடியத்தின் வரைபடம், “3 டிக்கெட் மட்டுமே மிச்சம்” என்ற சிவப்பு எழுத்து, ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். வெளியூர் ரசிகர் பகுதி (வருகிற அணியின் ரசிகர்கள் உட்காரும் இடம்), மின்-டிக்கெட், ஒன்று 185 யூரோ. இரண்டு வாங்கினேன், 370 யூரோ.

ஒரு விஷயத்தை நான் அங்கேயே கவனித்திருக்க வேண்டும். அப்போது மேட்ச் எந்த நாள், எத்தனை மணி என்பதே உறுதியாகவில்லை. லாஸ் பால்மாஸ் கிளப் தன் பக்கத்தில் அந்த மேட்சுக்கு ஒரு டிக்கெட் கூட விற்கத் தொடங்கவில்லை. கிளப்பே விற்காத டிக்கெட் இந்தத் தளத்தின் கையில் எப்படி இருக்கும்? இருக்காது. இந்தத் தளங்களில் பல, கையில் இல்லாத சரக்கைத்தான் விற்கின்றன. உங்கள் பணத்தை முதலில் வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் மேட்ச் நெருங்கும்போது, தீவில் யாராவது சீசன் கார்டு (சீசன் முழுக்க மேட்ச் பார்க்க ஒருவர் பெயரில் தரும் கார்டு) வைத்திருப்பவர் வாடகைக்குத் தருவாரா என்று தேடுவார்கள். கிடைத்தால் அது உங்கள் கையில். கிடைக்காவிட்டால் கடைசி நாளில் “மன்னிக்கவும்” என்று ஒரு மெயில்.

சரி, பெரிய நகரத்தில் இப்படி ஏமாந்தால் கோபத்தோடு வீட்டுக்குப் போய் டிவியில் பார்க்கலாம். தீவில் அப்படி இல்லை. பார்சலோனாவிலிருந்து கிரான் கனாரியாவுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், விமானத்தில் மூன்று மணி நேரத்துக்கும் அதிகம். தீவில் குடியிருப்பவர்களுக்கு ஸ்பெயினுக்குள் பறக்க அரசு 75 சதவீதம் கட்டணத் தள்ளுபடி தருகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அது கிடையாது, முழுக்காசு. பிப்ரவரி கார்னிவல் காலம் வேறு, அறை வாடகை ஏறியிருந்தது. இவ்வளவு செலவு செய்து கடல் தாண்டி வந்தவன் வாசல்வரை வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப மாட்டான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கையில் இருக்கும் துருப்பே அதுதான்.

மேட்சுக்கு முந்தைய நாள் இரவு மெயில் வந்தது. மின்-டிக்கெட் இல்லையாம், “நேரில் ஒப்படைப்போம்” என்று இருந்தது. ஸ்டேடியம் பக்கத்தில் ஒரு பார், மாலை 7 மணி, ஒரு வாட்ஸாப் எண். அவ்வளவுதான். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு நீல நிற பஸ்ஸில் வந்தோம். அந்தத் தீவில் பஸ்ஸுக்கு ‘வாவா’ என்று பெயர். நம் காதுக்கு அழைப்பது போலவே இருக்கிறது. மதியம் கடற்கரையோரம் சாப்பிட்டோம். தோலோடு உப்பு நீரில் வேகவைத்துச் சுருங்கிப்போன சின்ன உருளைக்கிழங்கு, தோலின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், கூடவே சிவப்பு மிளகாய்ச் சட்னி மாதிரி ஒரு ‘மோஹோ’. அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான். அன்று மனசுக்கு நிறைவாக இருந்த நேரம் அது ஒன்றுதான்.

மாலை 6 மணிக்கு வாட்ஸாப்பில் ஒரு செய்தி: “எங்கே இருக்கிறீர்கள்? நான் வந்துவிட்டேன்.” எனக்குப் புரியவில்லை. 6:10க்கு: “மேட்ச் ரசிகர்கள் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், தாமதமானால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்.” அப்போதுதான் உறைத்தது. கனாரித் தீவுகளின் நேரம் மாட்ரிட் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால். ஸ்பெயின் ரேடியோவில் நேரம் சொல்லும்போதெல்லாம் “கனாரியில் ஒரு மணி நேரம் குறைவு” என்று சேர்த்தே சொல்வார்கள். ஸ்பெயினின் கால்பந்து லீக்கான லா லீகாவின் மேட்ச் நேரங்களும் பெரும்பாலும் மாட்ரிட் நேரத்தில்தான் போடப்படும். அந்த மேட்ச் 9 மணி என்றால் தீவில் 8 மணி. மெயிலில் இருந்த 7 மணி மாட்ரிட் நேரம், அதாவது தீவில் 6. எந்த ஊர் நேரம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அது தற்செயல் என்று இன்றுவரை நான் நம்பவில்லை.

வண்டி பிடித்து ஓடினோம். 6:40க்கு பாரில் இருந்தோம். ஆள் இல்லை. “போய்விட்டு வருகிறேன், காத்திருங்கள்” என்று வாட்ஸாப்பில் சொன்னான். 7:30க்குத்தான் வந்தான். கையில் ஒரு உறை, அதற்குள் மஞ்சள் நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் கார்டு. சீசன் கார்டு. “மேட்ச் முடிந்ததும் இதே இடத்தில் திருப்பிக் கொடுங்கள். அதுவரை ஆளுக்கு 100 யூரோ டெபாசிட், ரொக்கம்.” வெளியூர் ரசிகர் பகுதி என்றுதானே வாங்கினேன் என்றேன். “அதெல்லாம் தீர்ந்துவிட்டது. நீங்கள் தாமதமாக வந்தீர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.” அரை மணி நேரம்தான் இருக்கிறது. பக்கத்தில் பையன் பார்சலோனா ஜெர்சியோடு நிற்கிறான், ஒரு வார்த்தை பேசவில்லை, என் முகத்தையே பார்க்கிறான். ஏ.டி.எம். போய் 200 யூரோ எடுத்துக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அவசரப்படுத்துவதுதான் அவர்களுடைய முழு வித்தையும். யோசிக்கப் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் நான் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்க மாட்டேன்.

மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவன் உள்ளே, நான் வெளியே.

அவன் இடம் கிடைத்தது உள்ளூர் ரசிகர்களின் நடுவில். அந்த மாதிரிப் பகுதியில் எதிரணி ஜெர்சியோடு இருந்தால் ஊழியர்கள் எழுப்பி வெளியே அனுப்பலாம். ஜெர்சியின் மேல் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டான். பக்கத்து இருக்கையில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெரியவர். ஜாக்கெட்டின் விளிம்பில் எட்டிப்பார்த்த நீலத்தையும் சிவப்பையும் பார்த்துவிட்டாராம். ஒன்றும் சொல்லாமல், தன் பொட்டலத்திலிருந்து ஒரு கை சூரியகாந்தி விதையை எடுத்து இவன் உள்ளங்கையில் கொட்டியிருக்கிறார். இரண்டு பாதியும் இருவரும் அதைக் கொறித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த ஊர் மக்கள் அப்படிப்பட்டவர்கள். எங்களை ஏமாற்றியது அவர்கள் இல்லை என்பதை அழுத்தியே சொல்ல வேண்டும்.

நான் வெளியே சுவரோரம் நின்றேன். ஸ்டேடியத்துக்கு வெளியே நின்று மேட்ச் கேட்பது எப்படி என்று அன்றுதான் தெரிந்தது. கோழிக்குஞ்சு போல “பியோ பியோ” என்று கத்துவது லாஸ் பால்மாஸ் ரசிகர்களின் வழக்கம், மஞ்சள் அணி இல்லையா. அந்தச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் திடீரென்று மொத்த ஸ்டேடியமும் அடங்கியது. ஃபோனைப் பார்க்காமலே புரிந்தது, நாம் கோல் போட்டுவிட்டோம். 62ஆம் நிமிடம், டானி ஓல்மோ. உள்ளே அவன் பற்களைக் கடித்துக்கொண்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தானாம். சத்தம் போட முடியாது. இஞ்சுரி டைமில் ஃபெர்ரான் டோரஸ் இன்னொன்று போட்டார். 2–0. அந்த வருடம் லீக் பட்டமும் நமக்குத்தான் வந்தது. ஆனால் அவன் வெளியே வந்தபோது ஜெயித்த மேட்ச் பார்த்துவிட்டு வந்தவன் முகம் மாதிரி இல்லை. “நீங்க இல்லாம எனக்கு ஒண்ணுமே பிடிக்கல மாமா” என்றான்.

பாருக்குப் போனோம். ஆள் வரவில்லை, எண் அணைந்திருந்தது. ஒரு கார்டை வாசலில் பறித்துவிட்டார்கள், இன்னொன்று அவன் கையில் இருந்தது. டெபாசிட் 200ம் போனது.

மறுநாள் காலை விமானத்துக்கு முன்பு தேசியப் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். ஸ்பெயினில் அதை ‘தெனுன்சியா’ என்பார்கள். இரண்டு மணி நேரம் ஆனது. பணம் திரும்பும் என்ற நம்பிக்கையில் போகவில்லை. ஆனால் அந்தக் காகிதம்தான் பிறகு உதவியது. தளத்துக்கு எழுதினேன்: “டிக்கெட் ஒப்படைக்கப்பட்டது. நீங்கள்தான் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வாசலில் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று பதில். வங்கியிடம் போனேன். வாங்கும்போது எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டில் ‘வெளியூர் ரசிகர் பகுதி, மின்-டிக்கெட்’ என்று இருந்தது. அதையும் வாட்ஸாப் உரையாடலையும் போலீஸ் புகாரின் நகலையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டரை மாதம் கழித்து 185 யூரோ திரும்பியது, என் டிக்கெட்டுக்கு மட்டும். அவன் உள்ளே போய்விட்டதால் அவனுடையதைத் தர மறுத்துவிட்டார்கள். ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கேட்கவே வழியில்லை.

இனிமேல் போகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். லாஸ் பால்மாஸ் ஆகட்டும், டெனெரிஃபே ஆகட்டும், மயோர்கா ஆகட்டும், டிக்கெட்டை அந்தக் கிளப்பின் சொந்தப் பக்கத்திலோ ஸ்டேடியத்தின் டிக்கெட் கவுண்டரிலோ மட்டும் வாங்குங்கள். பக்கத்தின் முகவரியை கிளப்பின் அதிகாரபூர்வ சமூக ஊடகக் கணக்கிலிருந்து எடுங்கள், தேடலில் முதலில் வருவதிலிருந்து வேண்டாம். வெளியூர் ரசிகர் பகுதி டிக்கெட் பெரும்பாலும் வருகிற அணியின் கிளப் வழியாக, அதன் உறுப்பினர்களுக்கும் ரசிகர் மன்றங்களுக்கும்தான் போகும். ரசிகர் மன்றத்தை அங்கே ‘பெனியா’ என்பார்கள். உங்கள் ஊரில் ஒன்று இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். நான் அதற்கப்புறம் சேர்ந்துவிட்டேன், முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

நாளும் நேரமும் உறுதியாகும்வரை மாற்ற முடியாத விமான டிக்கெட் எடுக்காதீர்கள். சனிக்கிழமை என்று நினைத்தது வெள்ளியோ திங்களோ ஆகலாம். கனாரி என்றால் எந்த நேரத்தைச் சொன்னாலும் “தீவு நேரமா, மாட்ரிட் நேரமா?” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மயோர்காவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அங்கே மாட்ரிட் நேரம்தான். யாராவது சீசன் கார்டை நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். அது இன்னொருவர் பெயரில் இருப்பது. உள்ளே விட்டாலும் பாதியில் எழுப்பலாம், கார்டின் சொந்தக்காரருக்கும் கிளப்பிடம் சிக்கல் வரும்.

கையில் மிஞ்சிய அந்த ஒரு கார்டை, நடந்ததை எழுதிய ஒரு கடிதத்தோடு, கிளப் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். வங்கிக்கு நான் எழுதிய கடிதம் ஸ்பானிய மொழியில் அப்படியே இருக்கிறது. இதே போல மாட்டிக்கொண்டவர்கள் கேட்டால் பெயர், தொகை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி அனுப்புகிறேன். பணம் கட்டிய நாளிலிருந்து வங்கியில் கேட்க ஒரு கெடு உண்டு, அதனால் தாமதிக்க வேண்டாம்.